மூன்று மாத டேனிஷும் வினாகிரிப் போத்தலும்

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் எங்கள் மேல்மாடியில் இருக்கும் பிலிப்பைன்ஸ்காரி லீசா, வினாகிரியில் வேகும் 'அடோபோ' என்ற பன்றி இறைச்சிக் கறியைச் சொல்லித் தந்து, மெல்ல வேகவைக்கும் மின்சாரச் சட்டியையும் இரவல் தந்தாள். எட்டு மணித்தியாலம் மூடியைத் திறக்கவே கூடாதாம்.

வினாகிரி வாங்கிவந்தவர் என் கணவர். "லேபிளை வடிவா வாசிச்சனீங்களோ?" என்று கேட்டேன். "மூண்டு மாசமா டேனிஷ் படிக்கிறன், எனக்குத் தெரியாதே? உன்ர வேலையைப் பார்!" என்று சீறினார். போத்தலில் இருந்ததைச் சட்டியில் ஊற்றினேன்.

உப்புப் பார்க்காமல் பிள்ளைகளுக்கு நான் ஒரு கறியும் வைத்ததில்லை. ஒரு மணித்தியாலத்தில் மூடியைத் திறந்தேன். ஆவி கண்ணையும் தொண்டையையும் எரித்தது. என் இருமல் கேட்டு ஓடிவந்த லீசா, போத்தலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அது பல மடங்கு தண்ணீர் கலந்தால்தான் வினாகிரியாகும் கடும் அமிலம்.

"கடைக்காரன் விட்ட பிழை" என்றார் கணவர்.

இப்போது அவர் வாங்கிவருவதைச் சமைத்தால் முதல் வாய் அவருக்குத்தான். அவர் விழுங்கும்வரை பிள்ளைகளுக்குப் பரிமாறுவதில்லை.