சந்தேகப் பிராணி மகள் வீட்டை அடைத்த கதை

என் வீட்டுக்காரருக்கு அவர் வேலை செய்யும் இடத்தில் வைத்த பெயர் சந்தேகப் பிராணி. பெயர் வைத்தவர் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும், அவ்வளவு பொருத்தம். கடையில் ரொட்டி வாங்கினால் தேதியைப் பார்ப்பார். அதோடு விடுவாரா? அந்தத் தேதிக்கு மேல் வேறு தேதியை ஒட்டியிருக்கிறார்களா என்று நகத்தால் சுரண்டியும் பார்ப்பார். முதன்முதலாக என்னைப் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த அன்று என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. ஜன்னல் சட்டத்தின் ஓரம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். "இங்க காத்து வருது" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது குளிர் ஊர், ஆரம்பத்தில் இவருக்கு ஜன்னல் பொருத்துகிற வேலை. பொருத்திய பிறகும் குளிர்கிறது என்று ஆட்கள் புகார் சொல்ல, ஓட்டை எங்கே என்று தேடித் தேடி, தேடுவதே தொழிலாகிவிட்டது. வாசல் கதவைத் திறந்து, அந்த இடத்தில் துணித் திரையை இறுக்கிக் கட்டி, அதில் பெரிய விசிறி ஒன்றை மாட்டுவார். அது வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும். அப்போது எந்தச் சந்து வழியாகக் காற்று உள்ளே சீறுகிறதோ அங்கே நீலச் சாக்கட்டியால் பெருக்கல் குறி போடுவார். பிறகு ஒவ்வொன்றாகப் பசை வைத்து அடைப்பார்.

ரேடான் அளப்பது பின்னால் சேர்ந்துகொண்டது. மண்ணிலிருந்து கசிந்து வீட்டுக்குள் ஏறுகிற வாயு அது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுத்துவிடும். அதை அளக்க ஒரு சின்ன டப்பா. வைத்துவிட்டு வந்தால் சில நாள் ஜன்னலும் கதவும் மூடியே கிடக்க வேண்டும், டப்பாவை யாரும் தொடக் கூடாது. அளவு கூடினால் விலை படியாது, வீட்டை விற்கப் போகிறவர்கள் சும்மா இருப்பார்களா? இவர் தலை மறைந்ததும் ஜன்னலைத் திறந்து விடுவார்கள். ஒரு மகானுபாவர் டப்பாவைத் தூக்கிக் குளிர்பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். அதிலிருந்து இவர் ஜன்னல் ஓரமெல்லாம் காகித நாடா ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருவார். திரும்பப் போனதும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் கையெழுத்தைப் பார்ப்பார்.

இப்படிப்பட்ட மனுஷர் மகள் வீட்டில் கை வைத்தார். மகளும் மாப்பிள்ளையும் வாங்கியது பழைய வீடு, கீழ்த்தளம் பாதி மண்ணுக்குள் இறங்கியிருக்கும். தெருச் சத்தம் கேட்காத அறை என்று கைக்குழந்தையை அங்கேதான் தூங்க வைத்தார்கள். இவர் லீவு நாளெல்லாம் அங்கே போய்க் கிடந்து, ஒரு சந்து விடாமல் அடைத்தார். மாப்பிள்ளை பஸ் டிரைவர். எதையும் சிரித்துக்கொண்டே சொல்லும் ஆள். "மாமா, இது வீடா, தகர டப்பாவா? மூச்சு முட்டுது" என்றார். இவர் சிரிக்கவில்லை. அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டார்.

அடைப்பதற்கு முன்னால் அந்தக் கீழறையில் ரேடான் பயப்படுகிற அளவில் இல்லை. அடைத்த பிறகு அளந்தால் மூன்று மடங்கு. டப்பாவோடு வீட்டுக்கு வந்தவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மாப்பிள்ளை டப்பாவைத் தொட்டிருக்கார்."

"அவர் எதுக்குங்க தொடணும்?"

"மேசை மேல வெச்ச டப்பா கட்டிலுக்குப் பின்னாடி தரையில கெடந்துச்சு. தரையோரம் வெச்சா கூடத்தான் காட்டும். என் வேலை சரியில்லைன்னு காட்டணும் அவருக்கு. தகர டப்பான்னு சொன்னாரே, மறந்துட்டியா?"

சந்தேகம் இருக்கிறதே, அது ஒட்டுவாரொட்டி. அந்த வாரம் மாப்பிள்ளை போனில் சிரித்தபோது, எதற்குச் சிரிக்கிறார் என்று நானே யோசித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை டப்பாவை நாடா போட்டு மேசையோடு சேர்த்து ஒட்டினார். ஜன்னலுக்கெல்லாம் நாடா, நாடாவுக்கெல்லாம் கையெழுத்து. மாப்பிள்ளை முகம் சுண்டிப்போனது.

"என்ன மாமா, என் வீட்டுலயே என்னைத் திருடன் மாதிரி பாக்குறீங்க?"

"எல்லார் வீட்டுலயும் இப்படித்தான் மாப்பிள்ளை."

இந்தத் தடவை அளவு இன்னும் ஏறியிருந்தது. நாடாக்கள் ஒட்டினபடியே இருந்தன. நம்புவாரா இவர்? ஒவ்வொன்றாகக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "டப்பா நாடாவை ஆவி காட்டிப் பிரிச்சு, தரையில வெச்சு எடுத்து, திரும்ப ஒட்டியிருக்கு" என்றார், மாப்பிள்ளை காதில் விழும்படி.

மகள் அழுதுவிட்டாள். "அப்பா, மொத தடவை டப்பாவைக் கீழ வெச்சது நான். பாப்பா எட்டி எட்டி இழுத்தா, அதான். இந்தத் தடவை யாருமே தொடல. போதுமா?"

எனக்கு வந்ததே கோபம்! தொட்டிலிலிருந்து குழந்தையை வாரி எடுத்தேன்.

"குழந்தை ராவும் பகலும் இந்தக் காத்தைக் குடிச்சுக்கிட்டு இருக்கு, நீங்க நாடாவை மோந்து பாத்துக்கிட்டு இருக்கீங்க! டப்பா சொல்றது பொய்யா இருந்தா அப்புறம் ஆற அமர சண்டை போடலாம். நெசமா இருந்தா? இனிமே இவ மாடியிலதான் தூங்குவா. நீங்க போய் விசிறியைக் கொண்டாந்து மாட்டுங்க."

மாட்டினார். விசிறி இழுக்க இழுக்க, கையில் புகை விடும் குழலோடு ஒவ்வொரு மூலையாகப் போனார். சமையலறை, ஜன்னல்கள், மாடிப்படி, எங்கும் காற்றுக் கசிவில்லாமல் புகை நேராக நின்றது. இவருக்குப் பெருமை தாங்கவில்லை, என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கீழறையில் பெரிய அலமாரி பக்கம் வந்ததும் புகை வளைந்து அவர் முகத்திலேயே அடித்தது. முட்டி போட்டு உட்கார்ந்து மறுபடி விட்டார். மறுபடியும் முகத்தில்.

கூப்பிடாமலேயே மாப்பிள்ளை வந்து அலமாரியின் மறுமுனையைப் பிடித்தார். நகர்த்த வசதியாக மகள் கம்பளத்தைச் சுருட்டினாள். அலமாரிக் காலோரம் தரையில் நீலப் பெருக்கல் குறி ஒன்று இருந்தது.

அந்த வீட்டில் நீலக் குறி போடுகிறவர் ஒருத்தர்தான். எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை டியூட்டிக்குப் போயிருந்த நாள் அது. "அலமாரி கனம், அவர் வந்ததும் நகர்த்திக்கலாம்" என்று இவரே என்னிடம் சொன்னார். கம்பளத்தை யாரோ இழுத்துப் போட்டார்கள், குறி மறைந்தது, இவரும் மறந்தார். அலமாரியை நகர்த்தினால், தரைக்குள் இறங்கும் தண்ணீர்க் குழாயைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, உள்ளே ஈர மண். மேலே இருந்த வழியையெல்லாம் அடைத்துவிட்டு மண்ணுக்கு மட்டும் வழி விட்டிருக்கிறார். மகள் சமையலறையில் புகைபோக்கி விசிறியைப் போட்டபோதெல்லாம், வெளியே போன காற்றுக்கு ஈடாக இந்த ஓட்டைக் காற்றுதான் தொட்டில் பக்கம் ஏறியிருக்கிறது.

எனக்கு அவர் மேல் ஆத்திரமும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. தரையை விட்டு எழுந்திருக்கவே இல்லை மனுஷர்.

ஓட்டையை அடைத்தார். தரைக்கு அடியிலிருந்து மண்காற்றை இழுத்துக் கூரைக்கு மேலே தள்ள ஒரு குழாயும் சின்ன விசிறியும் வைத்தார். மூன்றாவது தடவை டப்பாவை வைத்துவிட்டு, நாடாச் சுருளையும் பேனாவையும் மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"நீங்க ஒட்டுங்க. கையெழுத்தும் நீங்களே போடுங்க."

"அட, விடுங்க மாமா."

"இல்ல மாப்பிள்ளை. வேலை செஞ்சவன் மேலதான் மொதல்ல சந்தேகப்படணும். எனக்கு அது உறைக்கல. இந்த வீட்டுச் சாவியை எங்கிட்ட குடுக்காதீங்க. நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

மாப்பிள்ளை ஒட்டினார். நாள் கணக்கு முடிந்ததும் டப்பாவை எடுத்தவரும் அவர்தான். போன் வந்தது, எனக்கும் கேட்கட்டும் என்று இவர் ஸ்பீக்கரில் போட்டார். "மாமா, நல்லா எறங்கிடுச்சு. அடைக்கிறதுக்கு முன்னாடி இருந்ததைவிடக் கம்மி."

இவர் கேட்டார்: "நாடாவெல்லாம் பாத்தீங்களா? ஒருவேளை நான் வந்து ஜன்னலைத் தெறந்திருந்தேன்னா?"

"பாத்துட்டேன் மாமா. நீங்க வரல" என்றார் மாப்பிள்ளை. சிரிப்பே இல்லாமல்தான் சொன்னார். "பாப்பா தொட்டிலைக் கீழ எறக்கட்டுமா?"

போனை என் கையில் கொடுத்துவிட்டு இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எறக்கச் சொல்லு" என்றார்.