பிளம்பர் வீட்டு இரண்டு டப்பாக்கள்

எந்த வீட்டுக் கழிவறை அடைத்துக்கொண்டாலும் பிளம்பர் முழங்கை வரை கைவிட்டு அடைப்பெடுப்பார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அதே வீட்டில் டீயும் வாங்கிக் குடிப்பார். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. அப்படிப்பட்ட மனிதர் ஒரு கட்டைவிரல் அளவு டப்பாவைப் பார்த்துக் கூசிப்போனார் என்றால் யார் நம்புவார்கள்?

குடல் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதற்கான ஆராய்ச்சி அது. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு ஆளுக்கொரு டப்பா; இவருக்கும் மனைவிக்குமாக வீட்டில் இரண்டு. அதில் துளி மலம் எடுத்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். டப்பாவை வாங்கிப்போக வரும் நர்ஸுக்கு இவர் மகள் வயது. அதுதான் வினை.

"என் பேரை எழுதி அந்தப் பொண்ணு கையில குடுக்கணுமா? மானம் போயிடும்" என்றார்.

"ஊரு அடைப்பெல்லாம் எடுக்கறீங்க. இதுக்கு என்னங்க?" என்றாள் மனைவி.

"அது ஊராரோடது. இது என்னோடது."

நர்ஸ் வரவேண்டிய நாள் காலையில், "ரெண்டையும் நீயே போட்டுக் குடுத்துடு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வேலைக்கு நழுவினார். அவளும் தலையிலடித்துக்கொண்டு அப்படியே செய்தாள்.

இரண்டு வாரம் கழித்து நர்ஸ் மறுபடி வந்தாள். முகம் சரியில்லை.

"ரெண்டு பேர் டப்பாவுலயும் ரத்தம் இருக்கு. புற்றுநோயாத்தான் இருக்கணும்னு இல்ல, அங்கிள். ஆனா உள்ள கேமரா விட்டுப் பாத்துடணும்."

பிளம்பர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடுத்த நொடியே ஞாபகம் வந்தது. தன் டப்பாவில் இருந்தது தன்னுடையது இல்லையே! அப்பாடா என்று பெருமூச்சு விட்டார். விட்ட பிறகுதான் உறைத்தது. நிமிர்ந்தால், மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் காட்டிக்கொடுக்கவில்லை. "ரெண்டு பேரும் வர்றோம்மா" என்றாள். அவர் மானத்தை அப்போதும் அவள்தான் காப்பாற்றினாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"இல்லம்மா" என்று எழுந்தார். "ரெண்டுமே இவளோடது. வெக்கப்பட்டுக்கிட்டு என் வேலையையும் இவ தலையில கட்டிட்டேன். எனக்கு வேற டப்பா குடு. இவளை இன்னிக்கே கூட்டிட்டு வர்றேன்."

நர்ஸ் தன் தாளில் அவர் பெயரை அடித்துவிட்டு, புது டப்பா ஒன்றை நீட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மனைவிக்கு இருந்தது சின்னக் கட்டிதான். சீக்கிரம் பார்த்ததால் முழுசாக எடுத்துவிட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே பயமில்ல" என்று பெருமூச்சு விட்டார்.

அவள் கையை விலக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "அன்னிக்கும் இப்படித்தாங்க மூச்சு விட்டீங்க."