அணைந்துபோகும் கம்ப்யூட்டரும் எதிரே உட்கார்ந்தவர்களும்

தானாக அணைந்துபோகிற கம்ப்யூட்டரைச் சரிசெய்யும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: நாம் போய் எதிரில் நிற்கும்போது அது அணையவே அணையாது. புதுக்கோட்டையில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்துக்கொண்டு, ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய் வருகிறவள் நான். பாதி டைப் அடித்த கடிதம் கண்ணெதிரே மறைந்து, கறுப்புத் திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதனால் உங்களிடம் சொல்லலாம்.

நாலு மணி

ஆலங்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செல்வத்தின் கம்ப்யூட்டர் தினமும் சாயங்காலம் அணைந்துபோனது. முதல் தடவை போய் பவர் சப்ளையை மாற்றினேன். அடுத்த தடவை விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். இரண்டு தடவையும் என் முன்னால் ஒழுங்காக ஓடியது. நான் கடைக்குத் திரும்புவதற்குள் போன் வந்தது.

மூன்றாவது தடவை எதையும் கழற்றவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். விண்ணப்பம் போட வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். நாலு மணிக்குப் பக்கத்து எண்ணெய் மில்லில் கடலை ஆட்ட மோட்டாரைப் போட்டார்கள். கடையில் லைட் லேசாக மங்கியது, கம்ப்யூட்டர் அணைந்தது. மேஜைக்கு அடியில் இருந்த யு.பி.எஸ். பேட்டரி செத்து எத்தனை நாளாயிற்றோ, கரண்ட் தணிந்த அந்த ஒரு நொடியைக்கூட அதனால் தாங்க முடியவில்லை. பேட்டரியை மாற்றியதும் சரியாகிவிட்டது. செல்வம் கோபப்படவில்லை. கணக்காக ஒன்று மட்டும் சொன்னார்: "மூணு தடவ வந்தீங்க மேடம். இந்தத் தடவதான் உக்காந்தீங்க."

ஒரு சின்ன ஒயர்

இது என் தப்பு. அன்னவாசலில் பத்திரம் எழுதும் ராமையா தன் கம்ப்யூட்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடவில்லை என்று கொடுத்தார். தூசி தட்டி, பிராசஸரின் சூட்டை இறக்கும் பேஸ்டைப் புதிதாகத் தடவித் திருப்பிக் கொடுத்தேன். மறுநாளே போன். இப்போது ஐந்து நிமிஷம்கூட ஓடவில்லையாம். திறந்து பார்க்காமலே, "போர்டு போயிருச்சுங்கய்யா, வேற வாங்கிருங்க" என்று சொல்லிவிட்டேன். அவரும் நம்பினார். உள்ளே இருக்கும் பழைய பத்திர நகல்களை மட்டும் எடுத்துத் தரச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

திறந்தால், ஃபேன் ஒயரை நான் திரும்பச் சொருகவே இல்லை. காற்றில்லாமல் சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது அணைந்திருக்கிறது. சொருகினேன், நாள் முழுக்க ஓடியது. அன்னவாசல் போகிற வழியெல்லாம் ஒரு பொய்யை ஒத்திகை பார்த்தேன். ஏதோ ஒரு பார்ட்டை மாற்றியதாகச் சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அங்கே போனால், அவர் அதற்குள் கீபோர்டைக் கழுவித் துடைத்து, மூட்டை கட்டி மூலையில் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்தது வாயில் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "எங்க வேலைல பிழை வந்தா பிழைதிருத்தல் பத்திரம் போடணும். நீங்க நேர்ல வந்து சொல்லிட்டீங்க, அது போதும்."

டேபிள் ஃபேன்

வல்லத்திராக்கோட்டையிலிருந்து சித்ரா என்ற அம்மா போன் செய்தார். தோட்ட வேலைக்குப் போகிறவர். மகள் கவிதாவுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாகப் பதிய அன்று ஐந்து மணிவரைதான் நேரம். போனில் முயன்று வரிசை தாறுமாறாகிவிட்டது. தாய்மாமன் வாங்கிக்கொடுத்த பழைய கம்ப்யூட்டரோ பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அணைகிறது.

நான் போய்ச் சேரும்போது மூன்று மணி. உள்ளே ஃபேன் சிக்கிக்கொண்டு சுற்றவில்லை. அந்த அளவு ஃபேன் என் பையில் இல்லை. டவுனுக்குப் போய் எடுத்து வர நேரம் பத்தாது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, வீட்டு டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராக வைத்தேன். "ஒவ்வொரு காலேஜா சேவ் பண்ணிக்கிட்டே போம்மா" என்றேன். நோட்டைப் பிடித்துக்கொண்டு அம்மா ஒவ்வொரு கல்லூரியின் கோட் நம்பராக வாசிக்க, மகள் அடித்தாள். நடுவில் ஒரு தரம் அணைந்தது. அந்தப் பெண் அழவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அது திரும்ப வரும்வரை திரையையே பார்த்தாள். சேவ் செய்ததெல்லாம் அப்படியே இருந்தது. நாலே முக்காலுக்கு முடித்தோம், பதிவாகிவிட்டது என்று மெசேஜும் வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் சட்டை, ஜாக்கெட் எல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது. இனி ஃபேனை நம் பக்கம் திருப்பிக்கொள்ளலாமே என்று கை நீட்டினேன். சித்ரா தடுத்தார்: "இருக்கட்டும்ங்க, அந்தப் பக்கமே ஓடட்டும். சீட்டு கெடைக்கட்டும் மொதல்ல."

பத்து நிமிஷம்

திருமயம் பக்கம் ஒரு பெரிய வீடு. வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு ஊரில் தனியாக இருக்கும் பெரியவர், தினமும் சாயங்காலம் மகனோடு வீடியோவில் பேசுவார். பத்து நிமிஷத்தில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். காரணம் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தூசி படக்கூடாது என்று திரையை மட்டும் வெளியே விட்டு, சி.பி.யு. பெட்டியை மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார். வெளியே எடுத்து வைத்தேன். அவ்வளவுதான் வேலை.

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்து, இப்போது எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். "நல்லா ஓடுது ஆத்தா. முன்ன அதுவா அணைஞ்சிரும். இப்ப ரெண்டு பேர்ல ஒருத்தர் 'வைக்கிறேன்'னு சொல்ல வேண்டியிருக்கு."

இந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர்கள் எதனால் அணைகின்றன என்று ஓரளவு சொல்லிவிடுவேன், எங்கள் வீட்டில் இருப்பது மட்டும் ஏன் ஞாயிற்றுக்கிழமை பார்த்து அணைகிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.