அப்பாவின் பார்பெக்யூ

நான் ஆறாவது படிக்கையில் அப்பா துபாயில் கட்டட வேலையில் இருந்தார். மடுகரை வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அந்த வருடம்தான் என்னை மதகடிப்பட்டில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தார்கள். இங்கிலீஷ் பேசத் தெரியாதவளோடு அங்கே யாரும் பேசவில்லை. தனியாகச் சாப்பிட்டு, தனியாக டிபன் பாக்ஸைக் கழுவி வருவேன்.

ஒரு நாள், வெளியிடத்தில் கூடிச் சமைத்துச் சாப்பிட்ட அனுபவத்தை எழுதி வரச் சொன்னார் மிஸ். மற்றவர்களுக்கு மொட்டைமாடி, ரிசார்ட் என்று ஏதோ இருந்தது. எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர், யாரோடு கூடுவது? முந்தின வெள்ளிக்கிழமை வீடியோ காலில் பார்த்தது நினைவுக்கு வந்தது. அப்பாவும் ஏழெட்டுப் பேரும் மணலில் மூன்று கல் வைத்து, உடைந்த பலகைகளை எரித்து, ஒரே சட்டியில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒன்றாகச் சமைக்கிறோம் என்று அப்பா சிரித்தார். அதையே எழுதினேன்.

‘குக்கிங் இன் அவுட்சைட்’ என்று நான் எழுதியதை மிஸ் சிவப்பு மையில் அடித்தார். இங்கிலீஷ்காரர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்களாம். அதற்குப் பெயர் பார்பெக்யூ. அதையும் ‘மேக்’ பண்ணக் கூடாது, ‘ஹேவ்’ போட வேண்டும். திருத்தியதை எழுந்து வாசிக்கச் சொன்னார். “மை ஃபாதர் அண்ட் ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ் ஹேட் எ பார்பெக்யூ.” வகுப்பே திரும்பிப் பார்த்தது. மதியம் இரண்டு பெண்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

சாயங்காலம் போனில் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அர்த்தம் கேட்டார். வெள்ளைக்காரர்கள் ஜாலிக்காக வெளியே சமைப்பது என்றேன்.

“இன்னொரு தபா படிம்மா.”

படித்தேன். அவர் யாரையோ கூப்பிட்டு, “எம்பொண்ணு நம்மளப் பத்தி இங்கிலீசுல எழுதியிருக்கா, கேளு” என்றார். பலர் சிரிப்பது கேட்டது.

அம்மா போனை வாங்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். “எப்பதான் உங்களல்லாம் ஊருக்கு வுடுவாங்களாம்?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும் பார்பெக்யூ உண்டா என்று கேட்கச் சொல்லி நான் உள்ளிருந்து கத்தினேன்.

முதலாளி அவர்களுடைய பாஸ்போர்ட்டுகளோடு காணாமல் போனதும், தங்கியிருந்த இடத்தில் மெஸ்ஸை மூடி கேஸையும் நிறுத்தியதும், அப்பா ஊர் வந்து சேர்ந்து வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் வாசித்துக் காட்டிய அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. நான் எழுதியது அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன்.