கைதட்டல் வாங்கிய முறைப்பாடு

தொண்ணூறுகளில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து டெல்லிக்கு வந்தது குதுப்மினாரைப் பார்க்க அல்ல. கனடாவில் இருந்த என் அண்ணன் எங்களைக் கூப்பிட்டிருந்தான். கனடாத் தூதரகத்தில் விசா வேலை முடியும்வரை கரோல் பாக்கில் ஓர் அறை எடுத்துத் தங்கினோம். தூதரகத்துக்கு எந்த அவசரமும் இல்லை. எங்கள் இந்திய விசாவுக்குத்தான் அவசரம், அது முந்திக்கொண்டு முடிந்துபோனது. ஒரு காலையில் போலீஸ் வந்து என்னையும் கணவரையும் ஐந்து வயது மகளையும் ஜீப்பில் ஏற்றியது.

அதன்பிறகு அரசாங்கம் எங்களை விழுந்து விழுந்து கவனித்தது. கணவரை ஊருக்கு வெளியே, வெளிநாட்டுக்காரர்களை அடைத்து வைக்கும் ஒரு கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெண்களுக்கு வசதி போதாது என்று என்னை நகரின் மறுகோடியில் ஒரு பெண்கள் விடுதிக்கு அனுப்பினார்கள். வெளியிலிருந்து பூட்டுப் போடுவார்கள், ஆனாலும் பெயர் விடுதிதான். காவலில் வளர்ந்தால் பிள்ளையின் மனம் கெட்டுவிடும் என்று இரக்கப்பட்டு மகளை ஓர் அரசு குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். தூக்கிக்கொண்டு போகும்போது அவள் என் சேலைத் தலைப்பை விடவில்லை. ஒரு பெண் போலீஸ் அவள் பிடியை விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள்.

ஆக, ஒரு குடும்பத்துக்கு டெல்லியில் மூன்று அரசாங்க ஜாகை. ஒரு குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் மத்திய அரசு ஊழியர்கள் கேட்டால் வயிறெரிவார்கள்.

சில மாதங்கள் கழித்து ஒரு வக்கீலின் புண்ணியத்தில் என்னை மட்டும் வெளியே விட்டார்கள். வாராவாரம் காவல் நிலையத்தில் தலையைக் காட்ட வேண்டும். பிள்ளையைக் கேட்டேன். நிலையான வீடு இல்லாதவளிடம், அதுவும் தகப்பன் காவலில் இருக்கும்போது, பிள்ளையை ஒப்படைக்க முடியாது என்றார்கள். தகப்பனை அடைத்தவர்களும் அவர்கள்தான், இருந்த அறையிலிருந்து எங்களைக் கிளப்பியவர்களும் அவர்கள்தான். பிள்ளையின் ஃபைல் மேலே போயிருப்பதாக ஒரு குமாஸ்தா ஆறுதல் சொன்னார். மேலே என்றால் எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. மாதத்துக்கு ஒருமுறை மகளைப் பார்க்க விட்டார்கள், வார்டன் அம்மாள் பக்கத்தில் இருக்க, அரை மணி நேரம்.

ஜங்புராவில் ஓர் அறை பிடித்து, கிட்வாய் நகர் தமிழ்ப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துப் பிழைத்தேன். அப்படித் தைத்துக் கொடுக்கப் போன வீடுகளில் ஒன்று அந்த வட்டாரத் தமிழ்ச் சங்கச் செயலாளருடையது. தஞ்சாவூர்க்காரர். அவர் மனைவியிடம் நான் சொல்லிக்கொண்டிருந்ததை உள்ளறையிலிருந்து கேட்டவர் வெளியே வந்து, ஆண்டு விழாவில் இதை அப்படியே பேச வேண்டும் என்றார். நான்கு பேர் காதில் விழுந்தால் ஒருவராவது உதவுவார் என்று நானும் சம்மதித்தேன். குழந்தைகளின் பரதநாட்டியத்துக்கும் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கும் நடுவில் எனக்கு ஐந்து நிமிடம்.

அப்படியே பேசச் சொன்னவர், நான் எழுதிக்கொண்டு போனதும் பேனாவை எடுத்தார். போலீஸ் என்று இருந்த இடமெல்லாம் அதிகாரிகள் ஆனது. அடைத்தார்கள் என்பது தங்க வைத்தார்கள் ஆனது. எங்கள் நாட்டின் பெயரும் சண்டையும் காணாமல் போயின. காலம் சரியில்லை, எல்லாரும் சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர்கள் என்றார். கடைசியில் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். “அழுதுடாதேம்மா. அப்புறம் எல்லாரும் சாப்பிடணும்.”

விழா நாள் வந்தது. ஒரு சிறுமி கடவுள் வாழ்த்துப் பாடினாள். அவள் கையிலிருந்த தாளில் தமிழ்ப் பாட்டு இந்தி எழுத்தில் இருந்தது. பிறகு செயலாளர் வரவேற்புரைக்கு எழுந்தார். வரவேற்புரை என்றால் சிறப்பு விருந்தினரை, அவரே கூச்சப்படும்வரை புகழ்வது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பிறந்த ஊர், படித்த கல்லூரி, வகித்த பதவிகள் என்று ஏணி ஏறிக்கொண்டே போனவர் உச்சியில் நின்று முழங்கினார். “இந்த தேசத்துல எந்த வெளிநாட்டுக்காரன் உள்ளே இருக்கணும், எவன் வெளியே போகணும்னு தீர்மானம் பண்ற பேனா, நம்ம சாரோட சட்டைப் பையிலதான் இருக்கு.”

மண்டபம் கைதட்டியது. மேடையில் கடைசி நாற்காலியில் இருந்த நான் எட்டிப் பார்த்தேன். பேனா இருந்தது.

‘மேலே’ என்பது எங்கே என்று குமாஸ்தாவுக்குத் தெரியாமல் போனது. அது எனக்கு நான்கு நாற்காலி தள்ளி, கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தது. புகழும் வேகத்தில் செயலாளருக்கும் அது உறைக்கவில்லை. சாருக்குப் பொன்னாடை, சாரின் மனைவிக்குப் பட்டுப் பொன்னாடை, பொன்னாடை வாங்கித் தந்தவருக்கு ஒரு பொன்னாடை என்று முடித்து, நேரமாகிவிட்டது, மூன்று நிமிடத்தில் முடி என்று என் காதில் சொல்லி மைக்கைத் தந்தார்.

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அந்த அதிகாரியின் பக்கம் திரும்பினேன்.

“ஐயா, நாங்கள் ஒரு குடும்பம். ஏன் மூண்டு பேரையும் மூண்டு இடத்திலை வைச்சனீங்கள்? விசா முடிஞ்சது எங்கடை பிழை. அதுக்கு என்னை எவ்வளவு காலம் வேணுமெண்டாலும் பூட்டி வையுங்கோ. என்ரை பிள்ளை என்ன செய்தவள்? என்ரை சேலையிலையிருந்து அவளின்ரை கையை விரல் விரலாப் பிரிச்செடுத்தவை. அவளின்ரை ஃபைல் உங்களட்டைத்தான் இருக்குது. அவளைத் திருப்பித் தாங்கோ.”

செயலாளரின் முகம் வெளுத்துவிட்டது. பிறகு கைதட்டல் எழுந்தது, பரதநாட்டியத்துக்கு விழுந்ததைவிடப் பலமாக. முன்வரிசையில் ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேச்சா இது, சங்கீதம் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது மேடைவரை கேட்டது. பின்னாலிருந்து ஒருவர் ஒன்ஸ் மோர் கேட்டார். நான் என் வயிற்றைக் கிழித்துக் காட்டினேன், அவர்கள் சேலையின் கரை எவ்வளவு அழகு என்றார்கள்.

சிறப்பு விருந்தினர் தன் உரையில் பிள்ளையைப் பற்றி மூச்சே விடவில்லை. டெல்லிக் காற்றில் துருப்பிடித்த தன் காதுக்கு இன்றுதான் எண்ணெய் விட்டது போல இருந்தது, தூய தமிழ் இலங்கையில்தான் வாழ்கிறது, நம் பிள்ளைகள் வீட்டிலும் இந்தி பேசுகிறார்கள் என்று வெகுநேரம் உருகினார். பிறகு எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார். போர்த்தும்போது, வக்கீலைத் திங்கட்கிழமை ஆபீசுக்கு வரச் சொல்லும்மா என்று முணுமுணுத்தார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த மாதமே ஃபைல் கீழே இறங்கியது. தமிழுக்காகச் செய்தேன் என்று அவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாராம். விடுதியில் எனக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்த ஆப்கானியப் பெண்ணிடமிருந்தும் ஒரு மகனை அப்படித்தான் கொண்டுபோயிருந்தார்கள். அவள் மொழியைக் கேட்டு உருகுவதற்கு டெல்லியில் ஒரு சங்கமும் இல்லை. அவள் மகன் இல்லத்திலேயே இருந்தான்.

மகளைக் கூட்டி வரப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, கைகூப்பி, “நமஸ்தே ஆன்ட்டிஜி” என்றாள். வருகிறவர்கள் எல்லாருக்கும் அப்படிச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். சொல்லி முடித்த பிறகுதான் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன். அங்கே சாப்பாடு யாருக்கும் காத்திருக்கவில்லை.

கணவரையும் சில வாரங்களில் விட்டார்கள், வந்து சேர்ந்தார். மகள் நாங்கள் பேசுவதை விளங்கிக்கொண்டாள், பதில் மட்டும் இந்தியில் வந்தது. தூக்கத்தில் பேசினாலும் இந்திதான். நாங்கள் இருவரும் தமிழை மெல்ல மெல்ல ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

கனடாத் தூதரகத்துக்கு அப்போதும் அவசரம் வரவில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கும் எங்களைக் கூப்பிட்டார்கள். சிறுவர்களுக்கு ஒப்புவித்தல் போட்டி. மகள் மேடையேறி நான்கு வரி சொன்னாள், ஐந்தாவது வரியில் நின்றுவிட்டாள். ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். கொடுத்தவர் அதே அதிகாரி. பெயர் என்ன, எந்த வகுப்பு என்று அவர் தமிழில் கேட்க, அவள் இந்தியில் பதில் சொன்னாள். அவர் முகம் சுருங்கிவிட்டது. மேடையோரம் நின்ற என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். “என்னம்மா இது, நீங்களே இப்படிச் செஞ்சா எப்படி? வீட்ல குழந்தைகிட்ட தமிழ் பேசறதில்லையா?”

கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் விடுவதாக இல்லை.

“வீட்டிலை தமிழ்தான் ஐயா கதைக்கிறனாங்கள்,” என்றேன். “நீங்கள் வைச்சிருந்த இடத்திலைதான் ஒருத்தரும் அவளோடை தமிழ் கதைக்கேல்லை.”

அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு செயலாளர் பக்கம் திரும்பி, “கேட்டீங்களா,” என்றார், “என்ன தமிழ்.”