வாப்பாவைத் தோற்கடித்த பாசி

கடல் நடந்துபோகிற தூரத்தில் கிடக்கிற ஊரில் ஒரு மனிதர் வளவுக்குள் குளம் வெட்டி மீன் வளர்த்தால் ஊர் என்ன சொல்லும்? கல்முனைக்குடியில் தாராளமாகவே சொன்னார்கள். அந்த மனிதர் என் வாப்பா. சைக்கிளில் மீன் கொண்டுவருகிற வியாபாரி எங்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எத்தின கிலோ தேறும் ஹாஜியார்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஹோர்ன் அடிப்பார். வாப்பா அதுவரை ஹஜ்ஜுக்குப் போனதில்லை. அதுவும் நக்கல்தான்.

வாப்பா கட்டாரில் ஒரு அரபி வீட்டில் சாரதியாக இருந்தவர். அந்த வீட்டு முற்றத்தில் ஒரு குளம் இருந்ததாம். காசைப் போட்டால் தலையா பூவா என்று கரையில் நின்றே சொல்லலாமாம், தண்ணீர் அவ்வளவு தெளிவாம். வெளிநாட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வருகிறவர்கள் போர்வையும் வாசனைப் போத்தலும் கொண்டுவருவார்கள். வாப்பா கொண்டுவந்தது அந்தக் குளத்தின் ஆசையை. கிணற்றடிக்கு அப்பால் தானே குழி வெட்டி, சீமெந்து பூசி, விளிம்பு நிலத்தோடு மட்டமாக வரும்படி கட்டி, சிவப்பும் வெள்ளையுமாக மீன்களை விட்டார்.

"தின்னவும் ஏலாது, விக்கவும் ஏலாது, என்ன மீன் இது?" என்று உம்மா கேட்டார்.

"பாக்கிறதுக்கு" என்றார் வாப்பா. உம்மா குசினிக்குள் போய்ச் சட்டியைச் சத்தமாக வைத்தார்.

அரபி வீட்டுக் குளத்துக்கு மெசின் இருந்தது, கூரை இருந்தது, கழுவுகிறதற்கு ஆள் இருந்தது. எங்கள் குளத்துக்குக் கல்முனை வெயில் மட்டும்தான். சில கிழமைகளிலேயே தண்ணீர் பச்சையாகிவிட்டது. பிறகு அடியிலிருந்து நூல் நூலாகப் பாசி கிளம்பி மேலே வந்தது. மீன்கள் எங்கேயென்று தேட வேண்டியிருந்தது. தலையா பூவா பார்ப்பது இருக்கட்டும், வாளியையே விட்டால் தெரியாது.

உம்மாவின் காக்கா, அதாவது என் மாமா, நற்பிட்டிமுனைப் பக்கம் வயல் செய்கிறவர். பச்சையைக் கண்டால் மனம் குளிர்கிற ஆள். "பச்சையாக் கிடந்தா பறக்கத்து மச்சான், செழிப்புத்தானே, ஏன் கவலப்படுறீங்க?" என்று வாப்பாவின் முதுகில் தட்டினார். வெள்ளாமைக்காரரிடம் போய்ப் பச்சை பிடித்துவிட்டது என்று அழுதால் வேறென்ன கிடைக்கும்?

அந்தப் பறக்கத்து என் அக்கா ராத்தாவுக்குக் கலியாணம் பேசி வரும் வரைக்கும்தான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் சாறனோடு வந்து குடியேறுவார். வாப்பாவும் அப்படி வந்தவர்தான். அதனால் மாப்பிள்ளை வீட்டார் முதலில் பார்ப்பது வீட்டை. பெண்ணுக்கு எத்தனை பல் என்று பார்க்காவிட்டாலும் வீட்டுக்கு எத்தனை கதவு என்று எண்ணாமல் போகமாட்டார்கள். ராத்தாவுக்குப் பேசியது டுபாயில் வேலை செய்கிற மாப்பிள்ளை. லீவில் வந்திருந்தார், திரும்பிப் போக முதல் கலியாணம் முடிய வேண்டும் என்றார்கள். ராத்தாவுக்குப் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையான ஏ.எல். சோதினைக்குச் சில மாதங்கள்தான் இருந்தன. சோதினை முடியட்டும் என்று அவள் உம்மாவிடம் சொன்னாள். உம்மா மாமாவிடம் சொன்னார். "கலியாணம் முடிச்சும் படிக்கலாம்தானே" என்று மாமா சொன்னார். அப்படிப் படித்தவர்களை எங்கள் ஒழுங்கை வீடுகளில் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் வாப்பாவிடம் கேட்டார்கள். "மச்சான் சொன்னாச் சரிதான்" என்றார் வாப்பா. கட்டாரிலிருந்தும் அவர் டெலிபோனில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். கையும் காலும் ஊருக்கு வந்தபிறகும் வாய்க்கு அதுவே பழகிப்போயிருந்தது.

வளவைச் சுற்றிப் பார்த்த மாமாவின் கண் அப்போதுதான் குளத்தில் விழுந்தது. பறக்கத்தாகக் கிடந்த பச்சை ஒரு நிமிசத்தில் ஊத்தையாகிவிட்டது. அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், அதற்குள் தண்ணீர் தெளிய வேண்டும். தெளிந்தால் குளம் இருக்கலாம், பார்க்க ஹோட்டல் மாதிரி வடிவாகவும் இருக்கும். தெளியாவிட்டால் அதற்கு மேலே கிரவல் கொட்டி, ராத்தாவுக்கு இன்னொரு குசினி. இதுதான் தீர்ப்பு.

வாப்பா சாறனை மடித்துக் கட்டினார். நான் அவருடைய படை. எங்கள் படையில் வேறு யாருமில்லை.

ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டு மாமி படிகாரம் போடச் சொன்னார். ஒருவர் உப்புப் போடச் சொன்னார், இன்னொருவர் கிணற்றுக்குப் போடுகிற குளோரினைப் போடச் சொன்னார். "போட்டா பாசியும் மௌத்து, மீனும் மௌத்து, பொறகு ஜனாஸா நீங்களா எடுப்பீங்க?" என்று உம்மா குசினியிலிருந்தே கேட்டார். வைக்கோல் போட்டால் பாசி அடங்கும் என்று வாப்பா போனில் எதையோ பார்த்துவிட்டு வந்தார். வைக்கோலுக்கா எங்கள் பக்கத்தில் குறை? இரண்டு கட்டு அமிழ்த்தினோம். பாசி போகவில்லை, தண்ணீர்தான் பால் விடாத பிளேன்டித் தேத்தண்ணி நிறமானது. பச்சைப் பிளேன்டி. அக்கரைப்பற்றுக் கடையொன்றில் பாசி தின்கிற மீன் என்று விற்றார்கள். வாங்கிவந்து விட்டோம். அது எங்கள் வீட்டுப் பேக்கரிப் பாணைத் தின்னப் பழகி நன்றாகக் கொழுத்தது. பாசியை அது திரும்பியும் பார்க்கவில்லை.

பிறகுதான் வாப்பாவுக்குச் சரியான வழி பிடிபட்டது. குளத்துத் தண்ணீரில் பாதியை இறைத்து வாழைக்கு விட்டோம், கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினோம். நூல் பாசியைத் தென்னோலை ஈர்க்கில் சுற்றிச் சுற்றி இழுத்து எடுத்தோம். நாலு கம்பு நட்டு மேலே பின்னிய ஓலைக் கிடுகு போட்டோம். வெயில் இல்லாவிட்டால் பாசிக்கு மூச்சு இல்லை என்றார் வாப்பா. மீனுக்கு யாரும் ஒரு சோறும் போடக்கூடாது என்றும் கட்டளை போட்டார். மிஞ்சுகிற தீனிதான் பாசிக்கு உரமாம். என்னைக் காவலுக்கு வைத்தார். நான் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எங்கள் பூனையைக்கூட விசாரித்துத்தான் விட்டேன்.

தண்ணீர் தெளியத் தொடங்கியது! முதலில் மீன்களின் முதுகு தெரிந்தது. பிறகு அடியில் கிடந்த என்னுடைய ஒற்றைச் செருப்பு தெரிந்தது. வாப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். நான் பள்ளிக்கூடம் போய் வந்து பார்த்தால் செருப்பைக் காணவில்லை, பழையபடி பச்சை. திரும்பவும் இறைத்தோம், திரும்பவும் தெளிந்தது, திரும்பவும் பச்சையானது. வாப்பாவுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. "கண்ணூறு" என்றார் பக்கத்து வீட்டு மாமி. நான் வியாபாரியைச் சந்தேகப்பட்டேன். அந்த ஆளின் கண் அப்படி.

வெள்ளிக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கும். பின்னேரம் அஸர் தொழுகை நேரம், உம்மா உள்ளே படுத்திருந்தார். நானும் வாப்பாவும் கடைக்குப் போய்விட்டுப் பின்பக்கத்தால் வந்தோம். குளத்தடியில் ராத்தா குந்திக்கொண்டிருந்தாள். கையில் பழைய பால்மா டின். அதற்குள் கையை விட்டு வெள்ளை வெள்ளையாக எதையோ அள்ளித் தண்ணீருக்குள் வீசினாள்.

"வாப்பா, ராத்தா மீனுக்குச் சீனி போடுறா!" என்று நான் கத்தினேன்.

ராத்தா எழும்பவில்லை. வாப்பா டின்னுக்குள் விரலை விட்டு இரண்டு மணியை எடுத்து, ஈர உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். யூரியாவை ஈரக்கையில் எடுத்தால் குளிரும். வயல் ஊரில் அது எல்லோருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. மாமாவின் உர மூட்டைகள் எங்கள் முன்னறையில்தான் அடுக்கிக் கிடந்தன. பயிருக்குப் போட்டால் பயிர் பச்சையாகும், குளத்துக்குப் போட்டால் குளம்.

"எத்தின நாளா மகள்?" என்றார் வாப்பா.

ராத்தா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "வளவு வடிவில்லாட்டி அவங்க வேணாண்டு சொல்லுவாங்கதானே வாப்பா" என்றாள். பிறகு, "சோதின முடியட்டும் வாப்பா" என்றாள்.

வாப்பா குளத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பவும் குளத்தைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நான் ஆவலாகக் காத்திருந்தேன்.

"எழும்பு மகள். கைய நல்லாக் கழுவு, இது பட்ட கை கடிக்கும்" என்றார். அவ்வளவுதான்! பிறகு என்னிடம் குனிந்து, "மீனுக்குச் சீனி போட்ட கதைய மாமாக்கிட்டச் சொல்லப்படாது. அவருக்குச் சீனி வருத்தம்" என்றார். மாமா உண்மையிலேயே சீனி வருத்தக்காரர். டொக்டர் அவருக்குச் சீனியை அறவே நிறுத்தியிருந்தார். பாவம், சீனி என்ற சொல்லைக் கேட்டாலே வருத்தம் கூடிவிடுமாக்கும் என்று நினைத்து நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மறுநாள் காலையில் எழும்பிப் பார்த்தால் வாப்பா கிடுகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். மீனுக்கு வெயில் காணாதாம். மீன்களைப் பிடித்துக் கிணற்றடித் தொட்டிக்குள் விட்டார். விருந்தாளிகளைக் கண்டால் வெட்கப்படுமாம். மீனே இல்லாத குளத்துக்குள் ஒரு முழுப் பாணைப் பிய்த்துப் போட்டார். தண்ணீர் இறைப்பதையும் விட்டுவிட்டார். நான் கெஞ்சினேன், அழுதேன், வாளியைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். "விடு மகள், அதுவும் ஒரு உசிருதானே" என்றார். பாசிக்காகக் கதைக்கிறார்! ஒரு கிழமைக்கு முன்னால் அதை வெட்டிப் புதைக்கிறேன் என்று நின்ற மனிதர். வாப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று உம்மாவிடம் முறையிட்டேன். "அது உனக்கு இப்பவா தெரியுது?" என்று கேட்டுவிட்டு உம்மா விருந்தாளிகளுக்கான இனிப்பு வட்டிலப்பத்துக்கு முட்டை அடிக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து அவர்கள் வந்தார்கள். குளம் அன்றைக்கு இருந்த இருப்பை என்ன சொல்ல! கரை எது, தண்ணீர் எது என்று தெரியாமல் ஒரே மட்டத்துக்குப் பச்சை மெத்தையாகப் பாசி மூடிக் கிடந்தது. மாமாவுக்கு வயல் வேலை, வந்து பார்க்க நேரமில்லை. மச்சான் பார்த்துக்கொள்வார் என்று விட்டிருந்தார். மச்சான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் உம்மா கனத்த மனிசி. அறைகளைப் பார்த்தார், சுவரைத் தட்டினார், பைப்பைத் திறந்து மூடினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ராத்தாவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. பிறகு வளவுக்கு வந்தார்கள். "இதெல்லாம் புள்ளைக்குத்தான்" என்று மாமா கையை விரித்துக் காட்டினார். காட்டிய கை குளத்துப் பக்கம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. அவர் வாயைத் திறக்க முதலே அந்த அம்மா, "மாஷா அல்லாஹ், புல்லுத் தரையெல்லாம் வளத்து வெச்சிருக்கிறீங்களே!" என்று சொல்லிக்கொண்டு காலை எடுத்து வைத்தார்.

தொபுக்கென்று ஒரு சத்தம். "அல்லாஹ்வே!" என்றது புல்லுத் தரை. இடுப்பளவு தண்ணீரில் அவர் நின்றார். கறுப்பு அபாயா குடையாக விரிந்து மிதந்தது, அதற்குமேல் பச்சை நூல்கள். மாமா ஓடிப்போய்க் கையை நீட்டினார். அந்நியப் பெண்ணின் கையைப் பிடிக்கலாமா? இழுத்துக்கொண்டார். திரும்ப நீட்டினார். திரும்பவும் இழுத்துக்கொண்டார். கடைசியில் விளக்குமாற்றை எடுத்து நீட்டினார். அந்த அம்மா அதைப் பார்த்த பார்வையில் விளக்குமாறே பற்றியிருக்கும். ராத்தாதான், பெண் பார்க்க உடுத்த உடுப்போடு குளத்துக்குள் பாய்ந்து, அவரைக் கட்டிப்பிடித்துக் கரையேற்றினாள். கரைக்கு வந்தபிறகும் அவருடைய தலையில் ஒட்டிக்கிடந்த பாசியை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். வட்டிலப்பத்தை யாரும் தொடவில்லை.

பின்னேரமே கலியாணத் தரகர் வந்து சொன்னார். "பொண்ணு தங்கமாம். வளவுதான் சரியில்லயாம்."

ராத்தா அந்த வருசம் சோதினை எழுதினாள். முதல் தரம் சரிவரவில்லை, இரண்டாம் தரம்தான் தேறினாள்.

மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். அந்த வெள்ளிக்கு மறுநாளே டிரக்டர் வந்திருந்தது. பெட்டியைச் சரித்ததும் கிரவல் இரைந்துகொண்டு குளத்துக்குள் விழுந்தது. வாப்பா ஒரு தரம் கண்ணை இறுக்கி மூடினார். தன் கையால் பூசிய சீமெந்தல்லவா? பிறகு தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. மாமாவுக்கே மனம் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து, "அழாதீங்க மச்சான், ஒரு குளம்தானே. நம்மட கையில என்ன கிடக்கு, பாசிய ஆருக்குத்தான் வெல்ல ஏலும்?" என்று ஆறுதல் சொன்னார். அதைக் கேட்டதும் வாப்பாவின் தோள் இன்னும் மோசமாகக் குலுங்கியது. துவாய்க்குள்ளிருந்து ஒரு கேவல்கூட வந்தது.

வாப்பா அப்படி உடைந்து நான் ஒரு நாளும் கண்டதில்லை. துவாய்க்குள்ளே அவர் சிரிப்பை அடக்க மாட்டாமல் தவிக்கிறார் என்று எனக்குத் தெரியுமா என்ன? அவருடைய காலைக் கட்டிக்கொண்டு, அவருக்கும் சேர்த்து நான் ஓங்கி அழுதேன்.