சுழலாத தட்டில் கேட்ட சத்தம்

இது நடந்தது. நடந்த அன்றே, மணி, நிமிடத்தோடு, என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். யாரையும் பயமுறுத்த எழுதியதல்ல. அது எங்கள் கம்பெனியின் சோதனை நோட்டு. ஒவ்வொரு டர்ன்டேபிளையும் வெளியே அனுப்பும் முன் என்ன கேட்டது, எத்தனை மணிக்குக் கேட்டது என்று அதில் குறிப்பது என் வேலை. 1997 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து போகப் போகக் கோணலாகிக்கொண்டே போகிறது. கடைசி வரியை என்னாலேயே படிக்க முடியவில்லை.

என் பெயர் மௌரீன். என் அப்பா ஓஸ்வால்ட் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் லேத்தில் நின்றவர். 1976-இல் அந்த வேலையை விட்டுவிட்டு, ஆடுகோடியில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில், இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிள் செய்ய ஆரம்பித்தார். கடையில் கிடைக்கும் சாதாரணப் பெட்டி அல்ல. ஒன்று செய்ய ஆறு வாரம் ஆகும். தட்டைத் தாங்கிச் சுழலும் தண்டை அப்பா கடைவார். மோட்டாரும் வேகமும் என் தம்பி க்ளென் பொறுப்பு. கேட்டுச் சொல்வது நான். மதராஸிலிருந்தும் பம்பாயிலிருந்தும் ஆட்கள் ரயிலேறி வந்து வாங்கிப் போனார்கள். ஒரு காலத்தில் ஷெட்டுக்குப் பக்கத்தில் பெரிய பட்டறையே கட்டினோம். ஒன்பது பேர் வேலை பார்த்தார்கள்.

பிறகு சி.டி. வந்தது. 1994 முழுக்க மூன்றே பெட்டிதான் போனது. ஒன்பது பேரும் ஒவ்வொருவராகப் போனார்கள். பட்டறையில் நாங்கள் மூவர் மட்டும் மிஞ்சினோம். க்ளென் கடைசியாக ஒரு வழி சொன்னான். மரப்பெட்டிக்குப் பதில் கருங்கல். கல் கனமானது, அதிராது, சத்தம் சுத்தமாக இருக்கும். ஜெர்மனியில் ஒரு வியாபாரி பன்னிரண்டு பெட்டி கேட்டார். அது போனால்தான் கம்பெனி உண்டு, இல்லையென்றால் இல்லை. அந்த நிலைமை.

கல் கொண்டுவந்து தந்தவர் அப்பாதுரை. கிருஷ்ணகிரிப் பக்கம் ஊர். ஹெப்பகோடியில் குடியிருந்தார். பொம்மசந்திராவைத் தாண்டி உள்ளே போனால் ஒரு குவாரி, அங்கே வேலை. அவர் தட்டிப் பார்த்துக் கொடுத்த கல் ஒன்றுகூடச் சோடை போனதில்லை. ஆனால் பன்னிரண்டாவது கல், துளை போடும்போது எங்கள் கையில் விரிசல் விட்டது. புதன்கிழமை பெட்டிகளை அனுப்பியாக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அவரிடம் சொன்னேன்.

“நாளைக்கு ஞாயித்துக்கெழம, குவாரி லீவும்மா” என்றார்.

“எப்படியாவது பாருங்க அப்பாதுரை. வேற வழியில்ல.”

தலையைச் சொறிந்தார். “சரிம்மா. நானே போயி ஒண்ணு பாத்து வைக்கிறேன்.”

போகச் சொன்னது நான்தான்.

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, பட்டறையைத் திறந்தோம். ஞாயிறு மதியம் எங்கள் தெருவில் எல்லாப் பட்டறையும் மூடியிருக்கும். என் சோதனைக்கு அந்த அமைதி வேண்டும். சோதனை இதுதான்: தட்டைச் சுழலவே விடாமல், அதன் மேல் ஒரு ரெக்கார்டை வைத்து, ஊசியை இறக்கி, ஸ்பீக்கர் சத்தத்தை முழுக்கக் கூட்டுவேன். தட்டு நிற்பதால் பாட்டு வராது. ஆனால் ஊசி சுற்றியிருக்கும் அதிர்வை எடுக்கும். பக்கத்தில் நடந்தால் காலடி கேட்கும். நல்ல பெட்டி என்றால் எதுவுமே கேட்கக் கூடாது.

பதினொன்றாம் பெட்டி. அப்பாதுரை முந்தின வாரம் கொடுத்த கல்லில் செய்தது. ஊசியை இறக்கினேன். மணி 2.20.

டொக்… டொக்… டொக்…

கொஞ்சம் இடைவெளி.

டொக்… டொக்…

வெளியே போய்ப் பார்த்தேன். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. வேறு யாரும் இல்லை. திரும்பி வந்து ரெக்கார்டை மாற்றினேன். அதே சத்தம். ஊசியைத் தூக்கினேன். நின்றது. பக்கத்து மேஜையிலிருந்த பழைய மரப்பெட்டியில் ஊசியை இறக்கினேன். ஒன்றுமில்லை. மறுபடி கல் பெட்டி.

டொக்… டொக்… டொக்…

கல்லில் காதை வைத்தேன். கல்லுக்குள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கல் ஜில்லென்று இருந்தது. ஜன்னல் வெயில் நேராக அதன் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது.

அப்பாவுக்கு அப்போதே காது மந்தம். ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

“மெஷின் இல்ல மௌரீன். மெஷின் களைச்சுப் போகாது. இது நடுவுல மூச்சு வாங்குது.”

க்ளென் பெட்டியிலிருந்து ஒரு எட்டு பின்வாங்கினான். “கல்லுல ஏதோ கோளாறு இருக்குக்கா. அப்பாதுரைய கேட்டுடலாம்.”

குவாரிக்குப் பக்கத்து டீக்கடையில் டெலிஃபோன் உண்டு. அவசரத்துக்கு அப்பாதுரை அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தார். 2.45-க்கு க்ளென் போன் போட்டான். கடைக்காரம்மா கத்தியது நான் நின்ற இடம்வரை கேட்டது.

“ஐயோ சார், பாறை சரிஞ்சிபோச்சி சார்! ரெண்டு மணி வாக்குல. அப்பாதுரை அடியில மாட்டிக்கினாரு!”

க்ளென் ரிசீவரை வைத்தான். நாங்கள் மூவரும் பெட்டியைப் பார்த்தோம்.

டொக்… டொக்… டொக்…

டொக்… டொக்…

வேனை எடுத்துக்கொண்டு க்ளென் பறந்தான். 4.20-க்கு டீக்கடையிலிருந்து கூப்பிட்டான்.

“அக்கா, இன்னும் கேக்குதா?”

“கேக்குது.”

“இங்க யாரும் தோண்ட மாட்டேங்கறாங்க. அவன் அப்பவே செத்திருப்பான்னு மேஸ்திரி சொல்றான். நாளைக்கு மெஷின் வந்தப்புறம் எடுக்கலாமாம். நான் கெஞ்சிப் பாத்துட்டேன். என்னப் பைத்தியக்காரன்ங்கறான்.”

“அங்க இருக்கற ஆளுங்களக் கூப்பிடு.”

ரிசீவரை ஸ்பீக்கருக்கு முன்னால் நீட்டிப் பிடித்தேன். அந்தப் பக்கம் முதலில் பேச்சுச் சத்தம். பிறகு ஒருவர் பின் ஒருவராக வாங்கிக் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. பேச்சு அடங்கியது. ஒரு ஆண் குரல் மட்டும் வந்தது. குவாரியில் வெடி வைக்கும் சீனு என்று பிறகு தெரிந்தது.

“யம்மா… இது எங்காளுங்க தட்டற தட்டு. பாறைக்கு அடியில மாட்டினா மூணு தட்டணும், அப்புறம் ரெண்டு. நான் இருக்கேன்னு அர்த்தம். அப்பாதுரை இருக்காம்மா!”

ஆட்கள் ஓடும் சத்தம். மேஸ்திரியை யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு நானும் அப்பாவும் மட்டும். அப்பா ஜெபமாலையை எடுத்தார். நான் நோட்டை எடுத்தேன்.

5.10. நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டுகிறது.

5.40. மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை.

5.52… சத்தமே இல்லை.

5.58. இல்லை.

“அப்பாதுரை!” என்று கத்தினேன். யாரிடம் கத்துகிறேன் என்றே தெரியவில்லை. கையை மடக்கிக் கல்லின் மேல் தட்டினேன். மூன்று. பிறகு இரண்டு. விரல் முட்டி வலித்தது. மறுபடி தட்டினேன்.

டொக்டொக்டொக்… டொக்டொக்…

உடனே பதில் வந்தது. அவசர அவசரமாக. என் கைக்கு நேர் கீழே இருந்து தட்டுவது போல.

அழுதுவிட்டேன்.

6.12. கரண்ட் போனது.

தெரு முழுக்க விளக்கு இல்லை. ஸ்பீக்கருக்கு உயிர் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு மெல்ல மங்கி அணைந்தது. என் கண் முன்னால் அணைந்தது. இனி எதுவும் கேட்க வழியே இல்லை. அவர் தட்டுவார், எனக்குத் தெரியாது. நான் அப்பாவின் கையைப் பிடித்தேன்.

டொக்…

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது. காது மந்தமான அவருக்கும்.

டொக்… டொக்…

ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன்.

நிற்கவில்லை.

மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஓடினால் அங்கே ஒருவர் தனியாகிவிடுவார் என்று தோன்றியது. ஓடவில்லை.

7.25. போன்.

“அக்கா…” க்ளென் மூச்சிரைத்தான். “எடுத்துட்டோம்.”

“உயிர்?”

“இல்லக்கா. தலையில அடி. புளியமரத்தடியில படுக்க வச்சுட்டு வர்றேன். நாம லேட்டுக்கா…”

ஸ்பீக்கர் பக்கம் திரும்பினேன்.

டொக்… டொக்… டொக்…

“க்ளென்.”

“சொல்லுக்கா.”

டொக்… டொக்…

“இன்னும் தட்டுது.”



“என்னக்கா சொல்ற? நான் இப்பதான் அவர…”

“தட்டுதுடா! போ! தோண்டறத நிறுத்தாத! போ!”

ரிசீவர் தொங்கி எதிலோ மோதும் சத்தம். அவன் ஓடினான்.

8.15. தட்டுகிறது.

8.30. தட்டுகிறது. வேகம் கூடியிருக்கிறது.

8.45. நிறுத்தாமல்… இடைவெளியே இல்லாமல்… மெழுகுவர்த்தி அதிர்ந்தது.

8.50.

நின்றது.

அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பின்னாலும் கேட்டதில்லை.

எட்டு நிமிடம் கழித்து போன் வந்தது. க்ளென் அழுதுகொண்டே பேசினான்.

“இன்னொருத்தங்க உள்ள இருந்தாங்கக்கா. அப்பாதுரை சம்சாரம். ரத்தினம்மாள். பின்பக்க வழியா அவருக்குச் சோறு எடுத்துட்டுப் போயிருக்காங்க. யாரும் பாக்கல. உசுரோட இருக்காங்கக்கா… உசுரோட…”

அப்போ தட்டியது அந்த அம்மாதான் என்று நினைத்தோம். அன்றிரவு அந்த நினைப்பில்தான் கொஞ்சம் தூங்கினேன்.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் ரத்தினம்மாளைப் பார்த்தேன். இரண்டு கையிலும் தோள்வரை மாவுக்கட்டு. பாறை இரண்டு கையையும் நசுக்கிப் பிடித்திருந்ததாம். விரலைக்கூட அசைக்க முடியவில்லையாம்.

“நான் எங்கம்மா தட்டறது? அவருதான் தட்டிக்கினே இருந்தாரு. என் தலைமாட்டுலயே. ஏதாச்சும் பேசுய்யான்னு அழுதேன். பேசல. தட்டிக்கினே இருந்தாரு. டார்ச் லைட்டு என் மூஞ்சியில பட்டப்புறம்தான் நிறுத்தினாரு.”

பாறை விழுந்த அந்த நொடியிலேயே அப்பாதுரை இறந்துவிட்டார் என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். க்ளென் அதை என்னிடம் முன்பே சொல்லியிருந்தான். ரத்தினம்மாளின் நெற்றியில் கையை வைத்தேன். “போகச் சொன்னது நான்தான்” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதன் பிறகும் ஏழு வருடம் தள்ளினோம். அப்பா போனார். 2004-இல் கம்பெனியை மூடினோம். லேத்தை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுக் காலிப் பட்டறையில் நின்றபோதுதான் க்ளென் இதைச் சொன்னான். ஏழு வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ தூங்கணுமேன்னுதான்” என்றான்.

புளியமரத்தடியில் அப்பாதுரையைப் படுக்க வைத்தது அவன்தான். டார்ச் வெளிச்சத்தில் அவர் கைகளைத் தன் கைக்குட்டையால் துடைத்து, நெஞ்சின் மேல் மடித்து வைத்திருக்கிறான். இரண்டு கையிலும் ஒரு கீறல்கூட இல்லை. மேலே தார்ப்பாயைப் போட்டு, நாலு மூலையிலும் கல்லை வைத்துவிட்டு எனக்குப் போன் செய்ய வந்திருக்கிறான். போலீஸ் வரும்வரை யாரும் அதைத் தொடவில்லை.

போலீஸ்காரர் தார்ப்பாயை விலக்கியபோது இரவு பத்தரை. மூலைக் கற்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. கைகளும் மடித்து வைத்தபடியே இருந்தன.

வலது கையின் விரல் முட்டி நாலிலும் தோல் இல்லை. எலும்பு தெரிந்தது. எலும்பின் மேல், மாவு மாதிரி, கருங்கல் தூள்.